முழங்காலுக்குக் கீழேதான் சுட்டார்களாம்

"...அது றப்பர் குண்டு மச்சான், றப்பர். பட்டா நோகும், வீங்கும், ஒரு கெழமக்கிக் கருப்பா ஈக்கும். அதுக்காகக் கண்ணு போகுமா?"

"ஒனக்கு அடிச்சுப் பாப்பமா?"

"அடிங்களேன். காலுக்குத்தானே அடிக்கிற. அவனுகள் எல்லாருக்கும் முழங்காலுக்குக் கீழதான் அடிச்சீக்கி, பொலிஸே செல்லீட்டாங்க. கண்ணுல பட்டது கல்லு. அவங்கட ஆளுகளே எறிஞ்ச கல்லு. இந்தா, வீடியோவப் பாருங்க, ஆரு கல்லத் தூக்குற எண்டு."

"வாய மூடு அஸ்ஃபர். உள்ள ஆளு ஈக்கி."

கண்டி டவுனில் நபீல் முதலாளியின் ஹார்ட்வெயார் கடை. உள்ளே பெயின்ட் வாளிகள் அடுக்கி வைத்திருக்கும் ராக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஆள் ரவிகுமார். அந்தக் கடையில் பல வருடமாக வேலை செய்கிறவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முதலாளியின் மனைவியுடைய தம்பி அஸ்ஃபர் போனை நீட்டி நீட்டிப் பேசியதெல்லாம் ஒன்று விடாமல் அவன் காதில் விழுந்தது. கண் போனவள் ரவிகுமாரின் சொந்தத் தங்கச்சி என்பது முதலாளிக்குத் தெரியும், அஸ்ஃபருக்குத் தெரியாது.

முதலாளி மெதுவாக ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அஸ்ஃபரே ராக்கைப் பக்கம் வந்து, தெரியாமல் பேசிவிட்டேன், மனசில் வைக்க வேண்டாம் என்றான். நல்ல பிள்ளைதான். ஆனால் போகும்போது ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனான்.

"கோவிக்க வாணாம் ரவி நானா. காலுக்கு அடிச்சா எப்பிடி கண்ணுல படும்? அது மட்டும்தான் எனக்கு வெளங்கல்ல."

ரவிகுமாருக்கும் அது விளங்கவில்லை. ஊர் உலகம் பேசுவதைத் தாங்கிக்கொள்ளலாம். ஊர் பேசுகிற அதே சந்தேகம் தன் மனசுக்குள்ளும் பாம்பு மாதிரிச் சுருண்டு படுத்திருந்தால் என்ன செய்வது?

நடந்தது இதுதான். பன்வில பக்கம் மொட்டைக்கல் தேயிலைத் தோட்டம். ரவிகுமார் பிறந்து வளர்ந்த இடம். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குக் குடிதண்ணீர் வருவது மேலே காட்டோரம் இருக்கிற ஒரு ஊற்றுப் பீலியிலிருந்து. மலை உச்சியில் யாரோ ஒரு பணக்காரன் டூரிஸ்ட்காரர்களுக்கு ஹோட்டல் கட்டினான். நீச்சல்குளத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று பீலி வாயிலேயே பெரிய பைப்பைச் செருகிவிட்டான். லயத்துக்கு வந்தது சொட்டு. தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார். அரச கந்தோருக்குப் போனார்கள், அங்கேயும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொள்வதற்கு நம் நாட்டில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஒரு காலை, கொழுந்து பறிக்கப் போன பெண்கள் மலையிலிருந்து நேரே இறங்கி வந்து, ஹோட்டலுக்குப் போகிற ரோட்டை மறித்து நின்றார்கள். கூடையைக்கூட கழற்றவில்லை. செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கும் கட்டினபடியே இருந்தது.

பொலிஸ் வந்தது. போகச் சொன்னது. இவர்கள் போகவில்லை. முதலில் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். அடுத்து றப்பர் குண்டு. புகை கலைந்தபோது ரவிகுமாரின் தங்கச்சி யசோதினி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். விரலுக்கு இடையால் இரத்தம். இடது கண் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று டொக்டர் பிறகு சொன்னார். என்ன பட்டது என்று கேட்டதற்கு, உருண்டையாக, மொக்கையாக ஏதோ ஒன்று என்றார். கல்லா குண்டா என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாதாம்.

அந்த இடைவெளி போதும், பொலிஸ் உள்ளே நுழைந்துவிட்டது. யசோதினியின் புருஷன் நிரஞ்சன் கையில் கல்லோடு நிற்பது யாரோ எடுத்த வீடியோவில் இருந்தது. அவன் எறிந்த கல்தான் அவன் பொண்டாட்டியின் கண்ணைப் பறித்தது என்று வழக்கை எழுதி, அவனைப் பிடித்து ரிமாண்டில் போட்டார்கள். கேட்டீர்களா? கண்ணைக் கெடுத்துவிட்டு, கெடுத்தது உன் புருஷன்தான் என்று அவளிடமே சொல்வது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் ஒரே வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

புகையைக் கண்டு ஓடிவந்த நிரஞ்சன் சொன்னது வேறு. கல்லெடுத்தது உண்மை, ஆனால் அவள் விழுந்த பிறகுதான் எடுத்தேன், கண்ணு மண்ணு தெரியவில்லை என்றான். வீடியோவில் அவள் விழுவதே இல்லை. வீடியோ தொடங்குவதே அவன் கையிலிருந்து.

ரவிகுமாருக்கு அந்த மச்சானை ஆரம்பத்திலிருந்தே அவ்வளவாகப் பிடிக்காது. முன்கோபக்காரன். ஒருமுறை தீபாவளிக்கு வந்த இடத்தில் கதிரையைத் தூக்கி வாசலில் எறிந்தவன். அதனால்தான் அஸ்ஃபர் கேட்ட கேள்வி முள்ளாகக் குத்தியது. பொலிஸ்காரன் காலுக்குத்தான் சுட்டான் என்றால், கண்ணில் பட்டது என்ன? ஒருவேளை இவன்தானோ?

அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு ரவிகுமார் பஸ் ஏறினான். வத்தேகமையில் இறங்கித் தங்கச்சிக்குக் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு, மறு பஸ் பிடித்து மேலே போனான்.

லயக் காம்பராவில் யசோதினி கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தெரியாததால் பாதி அரிசி சுளகுக்கு வெளியே விழுந்தது. அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள், அவனும் கவனிக்காத மாதிரி உட்கார்ந்தான். பக்கத்துக் காம்பராப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து வாசலில் குந்தினார்கள். பேச்சு தானாகவே அந்த நாளுக்குப் போனது. ஒருத்தி தோள்பட்டையைத் திறந்து காட்டினாள், கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம். இன்னொருத்திக்கு முதுகில், கழுத்துக்குச் சற்றுக் கீழே. மூன்றாவது ஒருத்திக்குக் காது மடல் கிழிந்து தையல் போட்டிருந்தது. எப்படி அடித்திருக்கிறான்கள் பார் என்று மாறி மாறிக் காட்டினார்கள்.

ரவிகுமார் பார்த்துக்கொண்டே இருந்தான். ஹார்ட்வெயார் கடைக்காரன் புத்தி, எந்தச் சாமானும் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லாவிட்டால் கண்ணில் உறுத்தும்.

"யாருக்காச்சும் காலுல பட்டுச்சா?" என்று கேட்டான்.

ஒருத்தருக்கும் காலில் படவில்லை.

"அவன் காலுக்குச் சுட்டேன்றான். ஒங்க எல்லாருக்கும் தலையிலயும் தோள்லயும் பட்டிருக்கு. நீங்கல்லாம் தலகீழாவா நின்னீங்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டான். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காது கிழிந்தவள் எழுந்து, அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். யசோதினி மட்டும் சுளகைக் கீழே வைத்தாள்.

"நாங்க எங்கண்ணே நின்னோம்? குந்தில்ல இருந்தோம்."

ஏன் குந்தினீர்கள் என்று கேட்டான். அவள் சொன்னாள்.

தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுத்தையைவிடக் குளவிதான் பயம். எந்தச் செடிக்கு அடியில், எந்த மரத்தில் கூடு இருக்கும் என்று தெரியாது. கலைந்தால் கூட்டமாக வரும். ஓடினவள் செத்தாள். அதனால் யாராவது ஒருத்தி குளவி என்று சத்தம் போட்டால், யோசிக்கவே மாட்டார்கள். நின்ற இடத்தில் அப்படியே குந்தி, தலையை முழங்காலுக்குள் கொடுத்து, படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் கல்லு மாதிரி இருப்பார்கள். மலைக்குப் போகிற முதல் நாளே உடம்பில் ஏறிவிடுகிற பழக்கம் அது.

அன்றைக்குப் புகை வந்தது. கண்ணீர்ப்புகையை இவர்கள் டீவியில் பார்த்திருக்கிறார்களே தவிர, பட்டதில்லை. முகம், கண், கழுத்து, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஊசி குத்துகிற மாதிரி எரிந்தது. அப்படி எரிவது இவர்களுக்குத் தெரிந்தவரை ஒன்றே ஒன்றுதான். கொழுந்துக் கூட்டத்தில் மூத்தவளான சுப்பம்மா கண்ணை மூடிக்கொண்டு, குளவி, குந்துங்கடி என்று கத்தினாள். அத்தனை பேரும் நடு ரோட்டில் குந்திப் படங்கைப் போர்த்திக்கொண்டார்கள். புகைக்கு அந்தப் பக்கம் நின்ற பொலிஸ்காரனுக்கு இது தெரியாது. அவன் கூட்டம் நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்து, சொல்லிக்கொடுத்தபடியே கால் உயரத்துக்குச் சுட்டான். கால் உயரத்தில் இருந்தவை தலைகள்.

"குளவி போயிருச்சான்னு பாக்கத்தான் படங்கக் கொஞ்சூண்டு தூக்குனேன். ஒரு கண்ணாலதான் பாத்தேன்" என்றாள் யசோதினி. "அந்தக் கண்ணுதான்."

இதை ஏன் இவ்வளவு நாளாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று ரவிகுமார் சத்தம் போட்டான். அவள் சொன்ன காரணத்தைக் கேட்டு அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெட்கமாம். பொலிஸ் புகையைக் குளவி என்று நினைத்துக் குந்திய கூட்டம் என்று தோட்டத்து டிவிசன் பூராவும் சிரிக்குமாம். அதைவிடப் பெரிய காரணம் சுப்பம்மா. அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைத்து யசோதினியின் காலைப் பிடித்துக்கொண்டாளாம். நான் கத்தாமல் இருந்திருந்தால் நீ நின்றிருப்பாய், நின்றிருந்தால் காலில்தான் பட்டிருக்கும், என் வாய்தான் உன் கண்ணைத் தின்றது என்று அழுதாளாம். அந்தப் பேச்சு வெளியே போகக் கூடாது என்று பெண்கள் எல்லாரும் தங்களுக்குள் முடிவெடுத்துக்கொண்டார்கள். அவளைக் காப்பாற்ற வாயை மூடினார்கள். அந்த மூடிய வாய்க்குள் நிரஞ்சன் மாட்டிக்கொண்டான்.

ரவிகுமார் அன்று பின்னேரமே சுப்பம்மா வீட்டுக்குப் போனான். ஐம்பது வயதுக்காரி, கை கால் எல்லாம் நரம்பு முறுக்கிய உடம்பு. அவனைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். அவன் வாசலில் நின்றபடியே விசயத்தைச் சொன்னான். பொலிஸ் கண்டியில் ஒரு விசாரணை வைக்கிறது, மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள், அங்கே நீ வந்து நடந்ததைச் சொன்னால் நிரஞ்சன் மேல் போட்ட பழி நிற்காது என்றான்.

"நான் கத்துனதச் சொல்லணுமா தம்பி?"

"ஆமாக்கா. அதத்தான் சொல்லணும்."

அவள், என்ன சீலை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டாள்.

விசாரணை நடந்தது கண்டி வாவிக்கு மேல்பக்கம் இருக்கிற ஒரு மண்டபத்தில். பொலிஸைப் பற்றி பொலிஸே விசாரிக்கிற விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் பெரியவர்கள் மூன்று பேர். பக்கத்தில், அன்றைக்குச் சுடச் சொன்ன ஏ.எஸ்.பி. நல்ல உயரம், நல்ல நிறம், நல்ல சிரிப்பு. இந்தப் பக்கம் யசோதினி, சுப்பம்மா, ரவிகுமார், கூடவே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராஜலிங்கம். சிங்களத்தைத் தமிழாக்கிச் சொல்ல நாவலப்பிட்டிக்காரர் ஒருவர்.

ஏ.எஸ்.பி. ஓர் அட்டை மனிதனைக் கொண்டுவந்திருந்தார். ஆள் உயரத்துக்கு வெட்டி, முழங்காலில் சிவப்புக் கோடு போட்டது. அதை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஏதோ புதுக் கார் விற்கிறவன் மாதிரிப் பேசினார். இது எவ்வளவு நல்ல முறை, ஆளைக் கொல்லாத முறை, வெளிநாட்டுப் பயிற்சி. சிவப்புக் கோட்டுக்குக் கீழே சுட்டால் வலிக்கும், ஆனால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. முன்பெல்லாம் நிஜக் குண்டுதான், இன்றைக்கு நாங்கள் மனிதாபிமானத்தோடு சுடுகிறோம் என்றார். மனிதாபிமானத்தோடு சுடுவது.

நடுவில் தேத்தண்ணீர் வந்தது, மீன் அடைத்த மாலு பனிஸ் வந்தது. யசோதினியின் கண்ணை ஆஸ்பத்திரியில் எடுத்த படங்கள் மேசையில் விரித்துக் கிடந்தன. மூன்று பேரில் ஒருவர் பனிஸைக் கடித்துக்கொண்டே ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த எண்ணெய் படத்தில் ஒட்டியது. கடதாசித் துண்டால் துடைத்தார். கண்ணைத் துடைப்பது போலவே துடைத்தார். யசோதினி ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சுப்பம்மாவின் முறை வந்தது. குளவிக் கதையைச் சொன்னாள். திக்கித் திணறித்தான் சொன்னாள், ஆனால் எதையும் ஒளிக்கவில்லை. மொழிபெயர்க்கிறவர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் மேசைக்குப் பின்னால் சிரிப்பு. குளவியே இல்லாத இடத்தில் குளவிக்குக் குந்தினீர்களா என்று கேட்டார்கள். நடுவில் இருந்தவர், எப்படிக் குந்தினாய் என்று செய்து காட்டச் சொன்னார்.

சுப்பம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பளபளக்கும் தரையில் குந்தினாள். தலையை முழங்காலுக்குள் கொடுத்து, நல்ல சீலையின் முந்தானையை எடுத்து முழுசாகப் போர்த்திக்கொண்டாள். பக்கத்திலேயே அட்டை மனிதன். சிவப்புக் கோடு அவள் போர்த்திய தலைக்கு நேராக வந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். இனி என்ன இருக்கிறது, கண் இருக்கிறவனுக்கு விளங்கும் என்று ரவிகுமார் நினைத்தான். நெஞ்சு லேசானது.

அந்த நேரம் ஏ.எஸ்.பி.யின் முகம் மலர்ந்தது. மேசைப் பக்கம் திரும்பி உற்சாகமாக ஏதோ சொன்னார். மூன்று பேரும் தலையாட்டினார்கள். என்ன சொல்கிறார் என்று ரவிகுமார் கேட்ட பிறகுதான் மொழிபெயர்க்கிறவர் சொன்னார்.

"பொலிஸ் சரியாத்தான் சுட்டிருக்குன்னு இதுலயே தெரியுதாம். குறி தப்பல்லியாம். இவங்க நிமிந்து நின்னிருந்தா ஒன்னும் ஆகியிருக்காதாம். பொய்யா சத்தம் போட்டு எல்லாரையும் குந்த வச்சது இந்த அம்மாதானாம்."

சுப்பம்மா இன்னும் முந்தானைக்குள்தான் இருந்தாள். எழும்பச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏ.எஸ்.பி. தன் போனை எடுத்து, அட்டை மனிதனையும் குந்தியிருக்கிறவளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். பயிற்சிக்கு உதவுமாம். யசோதினிதான் போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

வெளியே விறாந்தையில் தலைவர் ராஜலிங்கம் ரவிகுமாரைத் தனியாகக் கூப்பிட்டார். பெரியவர்களோடு அவர் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். அந்த ஆளுக்கு எல்லா இடத்திலும் ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். விசயம் சுலபம்: நான் பொய்யாகச் சத்தம் போட்டதால்தான் இந்தக் காயம் நேர்ந்தது என்று சுப்பம்மா ஒரு வசனத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால், கல் வழக்கை விட்டுவிடுவார்கள், நிரஞ்சன் வெளியே வருவான். வைக்காவிட்டால் கல் வழக்கு கல்லாகவே இருக்கும், எத்தனை வருசம் இழுக்குமோ. சுப்பம்மாவுக்குத் தண்டனை எதுவும் கிடையாது, பயப்பட வேண்டாம் என்றார்.

"ஒரே ஒரு வசனம்தானே ரவி. வசனம் கடிக்குமா?"

ரவிகுமார் அவர் முகத்தைப் பார்த்தான். சவரம் பண்ணி, பவுடர் போட்ட முகம். தண்ணிக்காக ரோட்டை மறித்த அன்றைக்கு இந்த முகம் அங்கே இல்லை.

"அவ குளவின்னு நெனச்சுதான் கத்துனா. பொய்யா கத்தல்லியே" என்றான்.

"குளவி இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப பொய்தானே. விடுப்பா."

அவர்கள் பேசியது சுப்பம்மாவுக்கும் கேட்டுவிட்டது. யாரையும் கேட்கவில்லை, நேரே உள்ளே நடந்தாள். யசோதினி பின்னாலேயே போய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"போடாதீங்கக்கா. சுட்டது அவன். நீங்க இல்ல."

"ஒம் புருசன் வெளிய வரட்டும்டி."

"வேணாங்கா. சொல்றதக் கேளுங்க."

"நான் கத்துனது நெசந்தானே" என்றாள் சுப்பம்மா.

தமிழில் பெயர் எழுத அவளுக்குத் தெரியும். எழுதினாள். ரவிகுமார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பேனாவைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. மச்சான் வெளியே வரப்போகிறான் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் ஒரு சின்ன நிம்மதி எட்டிப்பார்த்தது. அந்த நிம்மதி, மேசையில் கிடந்த பனிஸ் எண்ணெய் மாதிரி அவன் மேல் ஒட்டிக்கொண்டது.

நிரஞ்சன் வெளியே வந்தான். மெலிந்து, தாடி வைத்து, பேச்சுக் குறைந்து வந்தான். அவனைச் சந்தேகப்பட்டதற்கு ரவிகுமார் மன்னிப்புக் கேட்கப் போனபோது, நானே என்னைச் சந்தேகப்பட்டேன் மச்சான், உள்ளே இருந்து யோசித்து யோசித்து நான்தான் எறிந்தேனோ என்றுகூட வந்துவிட்டது என்றான். இப்படி ஒரு மனுசனை ஆக்கி அனுப்ப முடிகிறது பாருங்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் கெட்ட கதைகளில் ஒன்று என்று விட்டுவிடலாம். இதற்குப் பிறகு நடந்ததுதான் வாந்தி வரவழைக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து பொலிஸ் ஜீப் மொட்டைக்கல் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்கு வந்தது. மக்களுக்கு விழிப்புணர்வு கொடுக்க வந்தார்களாம். தலைவர் ராஜலிங்கம் முன்னால் நின்று வரவேற்றார். எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். அட்டை மனிதனும் வந்திருந்தான். பொலிஸ் சுடும்போது பதற்றப்படக் கூடாது, ஓடக் கூடாது, குந்தக் கூடாது, கையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் குண்டு சரியான இடத்தில் படும் என்று ஒலிபெருக்கியில் தமிழிலேயே சொன்னார்கள். சுடாமல் இருப்பது எப்படி என்று ஒரு வசனமும் இல்லை. பீலித் தண்ணீரைப் பற்றியும் ஒன்றுமில்லை, அது இன்னும் நீச்சல்குளத்துக்குத்தான் போகிறது. நிமிர்ந்து நிற்கப் பழக்கினார்கள். ஒன்று, இரண்டு, நில். கொழுந்து பறிக்கிற பெண்கள், முதுகில் வெற்றுக் கூடையோடு, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் சுப்பம்மாவை நிறுத்தி, தவறாகச் சத்தம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக அவள் பெயரைச் சொன்னார்கள். எல்லார் முன்னாலும். யசோதினி பக்கத்து வரிசையில் நின்றாள். அவள் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவளைத் தூக்கச் சொல்ல ஒலிபெருக்கிக்காரனுக்கும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து சுப்பம்மா மலைக்குப் போவதில்லை. உடம்புக்கு முடியவில்லை என்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பெண்கள் வந்து கூப்பிட்டால், மறுபடியும் குளவி வந்து நான் கத்தி யாருக்காவது ஏதாவது ஆனால் என்ன செய்வது என்கிறாள். கத்தாமல் இருந்து யாராவது செத்தால் என்ன செய்வது என்றும் அவளே கேட்கிறாள். யசோதினி தினமும் போய் உட்கார்ந்து, என் கண்ணை எடுத்தது நீங்கள் இல்லை அக்கா என்று சொல்லிப் பார்க்கிறாள். சுப்பம்மா நம்பவில்லை. நீ நல்லவள், அதனால் அப்படிச் சொல்கிறாய், வேறு யாராவது சொன்னால் நம்புவேன் என்கிறாள்.

வேறு யாராவது என்றால் இதை வாசிக்கிற நீங்கள்தான். பன்வில, ஹந்தானை, நாவலப்பிட்டி, எந்தத் தோட்டமாக இருந்தாலும் சரி, மலையில் ஒருநாளாவது வேலை செய்திருந்தால், அல்லது உங்கள் அம்மா, அக்கா யாராவது செய்திருந்தால், கீழே எழுதுங்கள். முகமெல்லாம் எரிந்து, பக்கத்தில் ஒருத்தி குளவி என்று கத்தினால், நீங்கள் நிற்பீர்களா, குந்துவீர்களா? அவள் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் கத்தியிருப்பீர்களா, மாட்டீர்களா? தோட்டத்துப் பெயரையும் போட்டு எழுதுங்கள். பொலிஸ் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறவர்களும் எழுதலாம், ஆனால் கண் போனவளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். லைக் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், அதை வாசித்துக் காட்ட முடியாது. நீங்கள் எழுதுவதை ரவிகுமார் அடுத்த லீவுக்கு மேலே போகும்போது சுப்பம்மாவின் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவான். நாலு வார்த்தை போதும். எழுதுங்கள்.